சிம்னி தெரியுதா?

அத்தியாயம் 14

நேற்று ராத்திரி போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டு, போனை வாயோடு ஒட்டிவைத்து, சின்னவள் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

கொட்டுவதற்கு நிறைய இருந்தது. அம்மாவுக்குக் கண் தெரியவில்லை. அடியோடு தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு வந்து மறைக்கிறது, ஓரம் மட்டும் தெரிகிறது. அதனால் வீட்டுக்குள் எதிலும் முட்டிக்கொள்ளாமல் நடக்கிறாள். ஆனால் எதிரே நிற்கிற ஆளை முகத்தைச் சாய்த்துத்தான் பார்க்கிறாள்.

விமான நிலையத்தில் வானிலை பார்க்கிற வேலை அம்மாவுக்கு. காற்று, வெயில், அழுத்தம் எல்லாவற்றையும் பெட்டியே சொல்லிவிடும். எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதை மட்டும் இந்த நிலையத்தில் இன்னும் ஒரு மனுஷக் கண்தான் பார்த்துச் சொல்கிறது. ஐந்து மாதமாக அது அம்மாவின் கண் இல்லை, சின்னவளின் கண்.

"ஒரு நாள் தப்பாச் சொல்லிட்டேன்னா என்னக்கா ஆகும்?"

 பெருநகரத்தில் வேலைக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து அக்காவுக்கு எதையும் சட்டென்று முடிவு பண்ணுகிற பழக்கம் வந்திருந்தது.

"அழாதடி. நாளைக்குக் காலைல ஃப்ளைட்ல வரேன். அம்மாகிட்ட நான் பேசறேன், டாக்டர்கிட்டயும் நானே கூட்டிட்டுப் போறேன். நாளைக்கு ஒரு நாள் மட்டும் மாடி ஏறு. அப்புறம் நீ ஏறவே வேண்டாம்."

நாளைக்கு ஒரு நாள் மட்டும். அதை மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் சின்னவள் தூங்கினாள்.

விடிந்தபோது ஜன்னல் வெளுத்திருந்தது. வெளிச்சத்தால் வந்த வெளுப்பு இல்லை.

"குட்டி, எழுந்துட்டியா?" சமையலறையிலிருந்து அம்மாவின் குரல். "ஜன்னல்ல என்ன? பாலா, மோரா?"

தடித்த பனி என்றால் பால். கலைகிற பனி என்றால் மோர். வீட்டுக்குள் பேசிக்கொள்கிற கணக்கு அது.

"பால்மா."

அம்மா பெருமூச்சு விட்டாள். டம்ளரின் விளிம்பில் ஒரு விரலை வைத்து, சூடு தட்டுகிற வரைக்கும் டீயை ஊற்றி நிறுத்தினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. பார்க்கிறவர்கள் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சின்னவளே எத்தனையோ நாள் சந்தேகப்படாமல்தான் இருந்தாள்.

"இன்னிக்கும் ஃப்ளைட் திரும்பித்தான் போகப்போகுது," என்றாள் அம்மா. "பாவம், வர்றவங்க."

அந்தப் பாவப்பட்டவர்களில் ஒருத்தி தன் மூத்த மகள் என்று அம்மாவுக்குத் தெரியாது. அக்கா சொல்லக் கூடாது என்று சொல்லியிருந்தாள். சின்னவள் டீயை வாய் பொத்துப்போகிற சூட்டில் குடித்தாள்.

இந்த ஊருக்கும் பெருநகரத்துக்கும் நடுவே ஒரே ஒரு விமானம். இறக்கையில் விசிறி சுற்றுகிற சின்ன விமானம். காலையில் ஏழு நாற்பதுக்கு வரும், எட்டு இருபதுக்குத் திரும்பும். அதை விட்டால் பஸ்தான், பதினோரு மணி நேரம். இந்த மாதம் மட்டும் பனியில் ஏழு தடவை வந்து, மேலேயே சுற்றிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. இன்னும் ரெண்டு தடவை திரும்பினால் இந்தத் தடத்தையே எடுத்துவிடப் போவதாகக் கம்பெனி கடிதம் போட்டிருந்தது.

அப்பா வாசலில் டாக்ஸியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். விமானத்தில் வந்து இறங்குகிறவர்களை ஊருக்குள் கொண்டுபோய் விடுவதுதான் அவர் பிழைப்பு.

"என்ன பெரிய மனுஷி, புத்தகமும் கையுமா எங்க?"

"மாடிக்குப்பா. அங்க உக்காந்து படிச்சாத்தான் மண்டையில ஏறும்."

"ஏறட்டும். போன பரீட்சைக்கு ஏறினதெல்லாம் ஹாலுக்குள்ள போறதுக்குள்ள இறங்கி ஓடிடுச்சே."

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியக் கூடாது. சின்னவள் சிரித்துவைத்தாள். பரீட்சைகளுக்கு நடுவில் விட்ட படிப்பு விடுமுறை. நேற்று ஒன்று முடிந்தது, இன்னும் மூன்று பாக்கி. புத்தகத்துக்கு நடுவில் போன் இருந்தது.

ஊழியர் குடியிருப்பின் மொட்டை மாடியிலிருந்து நூறு தப்படி தள்ளி வானிலை அலுவலகத்தின் கூரை. அம்மா அங்கே நின்று பார்க்க வேண்டும். பார்ப்பதற்குச் சுவரில் ஒரு பட்டியலே மாட்டியிருக்கிறது. தண்ணீர்த் தொட்டி எண்ணூறு மீட்டர். மில்லின் சிம்னி ஆயிரத்து ஐந்நூறு. போன் டவர் மூவாயிரம். எது கண்ணுக்குத் தெரிகிறதோ அதுதான் தூரம். சிம்னி தெரிந்தால் விமானம் இறங்கலாம். தெரியாவிட்டால் இறங்க முயற்சி பண்ணவே கூடாது. ஊரில் டீக்கடை முதல் பள்ளிக்கூடம் வரை காலையில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வியே, "சிம்னி தெரியுதா?" என்பதுதான்.

சின்னவள் மாடியிலிருந்து பார்ப்பாள். அம்மாவுக்கு மிஸ்டு கால் கொடுப்பாள். ஒரு ரிங் என்றால் தொட்டி. ரெண்டு என்றால் சிம்னி. மூன்று என்றால் டவர். அம்மாவின் கோட்டுப் பையில் போன் அதிரும். அம்மா நெற்றியில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் தூரத்தைப் பார்த்துவிட்டு, கீழே போய் எழுதிக் கையெழுத்துப் போடுவாள்.

ஏழு மணிக்குத் தொட்டி தெரிந்தது. அதுவும் அழித்த பென்சில் கோடு போல. ஒரு ரிங் விட்டாள்.

ஏழரை தாண்டியதும் மேலே சத்தம் கேட்டது. வந்துவிட்டது. பனிக்கு மேலே வெயிலில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்குள் அக்கா இருக்கிறாள். ஜன்னலோரமாகத்தான் இருப்பாள், சின்ன வயசிலிருந்தே அடம்பிடித்து வாங்குகிற இடம் அது.

ஒரு சுற்று. ரெண்டு சுற்று. மூன்றாவது சுற்றுக்கு மேல் நிற்காது என்று சின்னவளுக்குத் தெரியும்.

"கலைஞ்சு போயேன்," என்று பனியிடம் கெஞ்சினாள். "ஒரே ஒரு நாள்."

கைப்பிடிச் சுவரில் வயிறு அழுந்த எட்டிப் பார்த்தாள். வெள்ளை. வெள்ளைக்குப் பின்னால் வெள்ளை. பிறகு சிம்னி நிற்க வேண்டிய திக்கில் ஏதோ கனத்தது. செங்குத்தாக, கருமையாக, ஒரு கோடு. கண்ணை மூடித் திறந்தாள். இருந்தது. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். அப்போதும் இருந்தது.

போனை எடுத்தாள். ஒரு ரிங். ரெண்டு ரிங். கட் பண்ணினாள்.

அந்தக் கூரையில் அம்மாவின் சாம்பல் உருவம் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனது. கொஞ்ச நேரம் நின்றது. கீழே இறங்கிப் போனது.

மேலே சத்தம் மாறியது. சுற்றுவதை விட்டு விமானம் விலகிப் போய், தூரத்தில் திரும்பி, ஓடுதளத்துக்கு நேராக வரத் தொடங்கியது. சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. இன்னும் ஐந்து நிமிஷம். அக்கா பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வருவாள், அப்பா வாயைப் பிளப்பார், அப்புறம் எல்லாம் பெரியவர்கள் பாடு.

சத்தம் வளர்ந்தது. வளர்ந்துகொண்டே வந்தது. வலது பக்கமாகப் போய்த் தரையைத் தொட வேண்டிய சத்தம், குடியிருப்பின் ஜன்னல் கண்ணாடிகளை நடுங்க வைத்துக்கொண்டு நேரே வந்தது. திடீரென்று அது அலறியது. எஞ்சினை முழுசாக முடுக்கினால் வருகிற அலறல். மரங்களின் உச்சிக்கு மேலே, வெள்ளையைக் கிழித்துக்கொண்டு, சக்கரங்கள் தொங்கத் தொங்க ஒரு பெரிய வயிறு வெளியே வந்தது. ஒரு கணம்தான். மூக்கைத் தூக்கி மறுபடி வெள்ளைக்குள் ஏறிப் போய்விட்டது.

சின்னவள் புத்தகத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பத்து நிமிஷம் கழித்து, அந்தச் சத்தம் பெருநகரத்துப் பக்கமாகத் தேய்ந்து போனது.

ஒன்பதரைக்கு அக்கா கூப்பிட்டாள். அறிவிப்புகளின் இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் மட்டும் அடங்கியிருந்தது.

"தனியாத்தானே இருக்கே?"

"ஆமாக்கா. நீ... உனக்கு ஒண்ணும்..."

"ஜன்னல்ல பாத்தா மரம்டி. கீழ இல்ல, பக்கத்துல. கிளை கிளையாத் தெரியுது. எனக்குப் பக்கத்துல ஒரு அம்மா கைக்குழந்தையோட. என் கையைப் புடிச்சவங்க இங்க வந்து இறங்கற வரைக்கும் விடவே இல்ல."

சின்னவள் போனை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை ரிங் விட்டே?"

"ரெண்டு."

"சிம்னியைப் பாத்தியா? இல்ல, நான் வரணும்னு பாத்தியா?"

"பாத்தேன்க்கா. சத்தியமா பாத்தேன். கண்ணைத் துடைச்சிட்டுத் துடைச்சிட்டுப் பாத்தேன்."

அக்கா பெருமூச்சு விட்டது போனில் காற்றடித்தது போலக் கேட்டது.

"சரி. பைலட் சும்மா விடமாட்டார், எழுதிக் குடுக்கப்போறேன்னு இறங்கும்போதே சொல்லிட்டுப் போனார். அம்மாவைக் கேப்பாங்க. அம்மா ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்குவா. நான் பஸ் ஏறிட்டேன்னு வெச்சுக்கோ, ராத்திரி ஒம்பது மணிக்குள்ள அங்க இருப்பேன். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே. புரியுதா? திறந்தேன்னா அம்மாவுக்கு வேலையும் போகும், வீடும் போகும்."

"ம்."

"ம்முன்னு சொன்னா பத்தாது. திறக்க மாட்டேன்னு சொல்லு."

"திறக்க மாட்டேன்."

பத்து மணிக்குப் பனி, மனசே இல்லாமல் விலகியது. சின்னவள் மறுபடி மாடி ஏறினாள். எதைப் பார்த்தோம் என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் உட்கார முடியவில்லை.

மில்லின் சிம்னி இருந்த இடத்தில் சிம்னி இல்லை. இருந்தது, ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று நின்று அதை முக்கால்வாசி மறைத்துக்கொண்டிருந்தது. நெட்டையாக, உருண்டையாக, இரும்பில் ஒரு தானியக் குதிர். புதுசாகக் கட்டுகிற கோழித் தீவன ஆலைக்காரர்கள் நிறுத்தியது. நேற்றுக் காலையில் இல்லை. நேற்று அவள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் கிரேன் வைத்துத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். மாலையில் வீட்டுக்கு வந்தவள் மாடிப் பக்கமே போகவில்லை.

அதோ, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி ஒரு எட்டில் நிற்கிறது. மிஞ்சிப் போனால் தொள்ளாயிரம் மீட்டர்.

பனிக்குள் கிட்டத்துப் பொருளும் தூரத்துப் பொருளும் ஒரே கறுப்புக் கோடுதான். அவள் சிம்னியைத் தேடினாள், அந்தத் திக்கில் ஒரு கோடு கிடைத்தது, எடுத்துக்கொண்டாள்.

 அப்போதுதான் எதிர்க் கூரையில் ரெண்டு பேரைப் பார்த்தாள். ஒன்று அம்மா. இன்னொன்று நிலைய அதிகாரி. உட்காரும்போது கூட வளையாத ஆள். குடியிருப்புப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ரூல்தடி.

சின்னவள் மூன்று மூன்று படியாக இறங்கி ஓடினாள். அலுவலக வாசலில் டாக்ஸியில் சாய்ந்து நின்ற அப்பா, "எங்கடி இப்படி தலைதெறிக்க?" என்றார். அவள் நிற்கவில்லை. இரும்பு ஏணிப்படியில் ஏறி, கூரைக்கு ஒரு படி கீழே, தலை மட்டும் மேலே தெரியும்படி நின்றுவிட்டாள். வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாளே.

"முப்பத்தெட்டு பேர் மேடம்," ரூல்தடி சொல்லிக்கொண்டிருந்தார். "ஆயிரத்து ஐந்நூறுன்னு நீங்க சொன்னதை நம்பி இறங்கப் பாத்திருக்காங்க. ஆயிரம் கூட இல்லைன்னு பைலட் எழுதிக் குடுத்திருக்கார்."

"கையெழுத்து என்னுது சார். தப்பும் என்னுது."

"தப்பு யாருதுன்னு நான் கேக்கலை. இருபத்திரண்டு வருஷமா உங்களைப் பாக்கறேன், ஒரு நாள் கூட நீங்க ஒரு மீட்டர் கூட்டிப் போட்டதில்லை. பனியில எதையோ சிம்னின்னு நெனச்சிருக்கீங்க, அவ்வளவுதான். யாருக்கும் வரும். எதை நெனச்சீங்கன்னு கையைக் காட்டுங்க. நான் எழுதிக்கறேன், பட்டியல்லயும் சேத்துடலாம், விஷயம் முடிஞ்சுது."

அவர் கதவைத் திறந்துவிடத்தான் வந்திருக்கிறார் என்று சின்னவளுக்கே புரிந்தது. அம்மா கையைக் காட்டினால் போதும்.

"சிம்னி அதோ," என்றாள் அம்மா. கை தயங்காமல் நீண்டது. சரியான திக்குதான். இருபத்திரண்டு வருஷம் காட்டிக் காட்டிப் பழகிய கை.

"சிம்னி எனக்குத் தெரியும் மேடம். நீங்க சிம்னின்னு நெனச்சது எது?"

அம்மா முகத்தைச் சாய்த்தாள். பறவை பார்ப்பது போல ஓரக் கண்ணால் தூரத்தைத் துழாவினாள். கை கொஞ்சம் இடது பக்கம் போனது, நின்றது.

"அந்த மரம் சார். பனியில அது..."

"எந்த மரம்?"

"அதுதான்... நெட்டையா..."

"அங்க மரம் எதுவும் இல்லையே."

 ரூல்தடி தன் கையிலிருந்த காகிதத்தை மடித்தார், பிரித்தார்.

"நேத்து மத்தியானம் பூரா அங்க கிரேன் நின்னுது. ஊரே கூடி வேடிக்கை பாத்துச்சு. எவ்வளவு உயரம் கட்டலாம்னு அனுமதி குடுத்ததே நான்தான். உங்க மேஜைக்கும் ஒரு நகல் அனுப்பினேன். படிச்சீங்களா?"

"படிச்சேன் சார்."

"அப்ப என்ன நிக்குது அங்க?"

 கோட்டுப் பைக்குள் போன அம்மாவின் கை, அங்கேயே போனைப் பிடித்துக்கொண்டு நின்றது. காத்திருக்கிறாள். பையில் ஏதாவது அதிராதா என்று காத்திருக்கிறாள்.

சின்னவளின் கையிலும் போன் இருந்தது. ஒரு ரிங் தொட்டி. ரெண்டு ரிங் சிம்னி. மூன்று ரிங் டவர். குதிருக்கு அவர்களிடம் ரிங் இல்லை.

ஒன்று செய்யலாம். மேலே ஏறிப் போய், 'அம்மா, அந்தக் குதிர்கிட்டப் போய்ப் பாக்கப் போறேன்' என்று எதையாவது உளறலாம். அம்மா சட்டென்று பிடித்துக்கொள்வாள். 'அந்தக் குதிர்தான் சார்' என்பாள். ரூல்தடி எழுதிக்கொள்வார். வேலை தப்பும், வீடு தப்பும்.

நாளைக்கும் ஏழு நாற்பதுக்கு விமானம் வரும். நாளைக்கும் சின்னவள் மாடி ஏற வேண்டும். நாளைக்கும் யாராவது ஒருத்தி ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் கைக்குழந்தையோடு யாரோ.

அவள் கடைசிப் படியில் ஏறினாள்.

"சார், அது தீவன ஆலையோட குதிர்."

ரெண்டு பேரும் திரும்பினார்கள்.

"குட்டி, கீழ போ," என்றாள் அம்மா. குரல் ஏறவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"போகலைம்மா. சார், அம்மா அதைப் பாக்கலை. நான்தான் பாத்தேன். எங்க வீட்டு மாடியிலேந்து. அங்கேந்து பாத்தா குதிரும் சிம்னியும் ஒரே நேர்ல இருக்கு. எனக்கு... எங்க அக்கா அந்த ஃப்ளைட்ல வந்தா. இறங்கணும்னு இருந்துச்சு. தெரிஞ்சதை சிம்னின்னு சொல்லிட்டேன்."

"பெரியவளா?" அம்மாவின் உதடு மட்டும் அசைந்தது. "அதுக்குள்ள பெரியவளா இருந்தா?"

ரூல்தடி குடியிருப்பின் மாடியைப் பார்த்தார். பிறகு குதிர் நின்ற பக்கம். பிறகு சிம்னியை. இந்தக் கூரையிலிருந்து பார்த்தால் ரெண்டுக்கும் நடுவே நாலு வீட்டுக் கூரைகள் தெரிந்தன. இங்கே நின்ற எவருக்கும் அந்தக் குழப்பம் வந்திருக்காது. அது அவருக்கு விளங்க ரொம்ப நேரம் ஆகவில்லை.

கையிலிருந்த காகிதத்தை அம்மாவிடம் நீட்டினார்.

"முதல் வரியைப் படிங்க மேடம்."

அம்மா வாங்கிக்கொள்ளவில்லை.

"வேண்டாம் சார். முடியாது."

சின்னவள் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். அம்மா அடிக்கப்போகிறாளோ என்று ஒரு கணம் தோளைச் சுருக்கினாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த கை சில்லென்று இருந்தது.

ரூல்தடி தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவிக்கொண்டு, மறுபடி மாட்டிக்கொண்டார். அந்த மனுஷர் வளைந்து நின்று சின்னவள் பார்த்ததில்லை. இப்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்து வளைந்து நின்றார்.

"எத்தனை நாளா?"

அஞ்சு மாசமா என்று சொல்லத்தான் சின்னவள் வாயெடுத்தாள். அம்மா முந்திக்கொண்டாள்.

"மூணு வருஷமா சார்."

சின்னவள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். ரூல்தடி சின்னவளைப் பார்த்தார்.

"நீ மூணு வருஷமா மாடி ஏறறியா?"

"இல்ல சார். அஞ்சு மாசம்தான். போன பரீட்சைக்கு அப்புறம்தான் அம்மா என்கிட்ட சொன்னாங்க."

"அப்ப அதுக்கு முன்னாடி யாரு பாத்துச் சொன்னா?"

 அம்மாவின் முகம் ஏணிப்படிப் பக்கம் திரும்பி மெல்லச் சாய்ந்தது. எதிரே நிற்கிற ஒரு ஆளைப் பார்க்கும்போது மட்டும் சாய்கிற சாய்ப்பு.

சின்னவள் திரும்பினாள். ஏணிப்படியின் உச்சியில், கார் சாவியைக் கையில் பிடித்தபடி, அப்பா நின்றுகொண்டிருந்தார். எப்போது ஏறி வந்தார் என்று தெரியவில்லை. எதற்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு வைத்திருக்கிற மனுஷர், ஒரு படி பின்னால் இறங்கினார்.